ஊசி, நெருப்பு, நரம்பு: புறநரம்புச் சிதைவு மருத்துவத்தின் வரலாற்றில் இலண்டனும் தமிழகமும்

தமிழ் மருத்துவ வரலாறு பேசப்படும் ஆய்வரங்குகளில் ஒரு கூற்று அடிக்கடி எழுகின்றது. சீனரின் ஊசி மருத்துவம் நம் வர்மக் கலையினின்று தோன்றியது என்றும், போகர் அதனைச் சீனம் கொண்டு சென்றார் என்றும் கூறுவர். போகரே சீனர், அவர்தாம் அங்கிருந்து இங்குக் கொணர்ந்தார் என்று திருப்பிக் கூறுவாரும் உளர். இவ்விரண்டு கூற்றுக்கும் ஆவணச் சான்று இல்லை. இன்று நமக்குக் கிடைக்கும் வர்மச் சுவடிகளின் தமிழ் நடை பிற்காலத்தது. ஆசான்-மாணாக்கர் வழியில் மறைபொருளாகக் காக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டவை அவை. சீனத்திலோ, கி.மு. 168-இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையிலிருந்து மருத்துவ ஏடுகள் கிடைத்துள்ளன. அவற்றில் உடலின் நாளங்களும், நாளங்களின்மேல் மூலிகைச் சூடு வைக்கும் முறையும் விளக்கப்படுகின்றன. ஊசி குத்தும் முறை இல்லை. கிடைக்கும் சான்றின்படி ஊசிக்கு நெருப்பு முற்பட்டது. மூலம் தேடுவோர் இதனைக் கருத்திற் கொள்வது நலம்.

இக்கட்டுரை மூலம் தேடும் முயற்சி அன்று. ஊசியும் நெருப்பும் நரம்பு மருத்துவத்தில் எவ்வாறு புகுந்தன, எங்கே தோற்றன, தமிழ் நிலத்தில் நிகழ்ந்த சில நிகழ்வுகள் அவ்வரலாற்றில் எங்ஙனம் இடம் பெறுகின்றன என்பனவே இதன் பொருள். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே கை, கால், முகம் முதலியவற்றுக்குச் செல்லும் நரம்புகளைப் புறநரம்புகள் என்கிறோம். அவை அறுபடுதல், நசுங்குதல், நோயால் அழிதல் ஆகியவற்றுக்கு மட்டும் இவ்வாய்வை வரையறுத்துக்கொண்டேன். வலியைப் போல நோயாளியின் சொல்லை மட்டும் நம்ப வேண்டிய துறை இதுவன்று. விரல் அசைகின்றதா, தோல் உணர்கின்றதா, எத்தனை நாளில், எவ்வளவு தொலைவு என்று அளந்து பார்க்கக்கூடிய துறை.

சொல் பற்றிய ஒரு குறிப்பு

'நரம்பு' என்னும் சொல்லே நமக்கு முதல் இடர். பழந்தமிழில் அது யாழின் தந்தியைக் குறிக்கும். முதுமையில் தோலின்மேல் புடைத்துத் தோன்றும் குருதி நாளத்தையும் குறிக்கும். புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய முதியவளின் தோளில் எழுந்து நிற்கும் நரம்பு இன்றைய மருத்துவர் கூறும் நரம்பன்று. தசைநாணையும் பேச்சுவழக்கில் நரம்பு என்றே சொல்கிறோம். 'நரம்பு பிசகிவிட்டது' என்பவர் பெரும்பாலும் தசையையோ தசைநாணையோ குறிக்கின்றார். இது தமிழுக்கு மட்டும் உரிய குழப்பமன்று. கிரேக்கத்தில் 'நியூரோன்' என்பதும் தொடக்கத்தில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்த சொல்லே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன் இவ்விடரை நேரிற் சந்தித்தவர். 1867-இல் வெளிவந்த 'இரணவைத்தியம்', 1872-இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' ஆகிய நூல்களுக்காக அவரும் அவர் மாணாக்கரும் குருதிக்குழாய், தசைநாண், நரம்பு ஆகிய மூன்றையும் வேறுபடுத்தும் கலைச்சொற்களை வகுக்க வேண்டியிருந்தது. 1858-இல் இலண்டனில் ஹென்றி கிரே வெளியிட்ட உடற்கூற்று நூல் பதினான்கே ஆண்டுகளில் தமிழில் உருப்பெற்றது. இத்தகைய உழைப்பைப் பற்றிய தனி ஆய்வு நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் பெருக வேண்டும். இன்றைய தமிழ் அக்குபங்சர் நூல்கள் 'சக்தி நாளம்' என்று வழங்கும் பொருளை நரம்போடு ஒன்றாக்கிக் கூறும்போது, மானிப்பாயில் பிரிக்கப்பட்டவை மீண்டும் கலந்துவிடுகின்றன.

இலண்டனுக்கு வந்த நெருப்பு

ஐரோப்பாவிலும் நெருப்பே முதலில் வந்தது. பத்தாவியாவில் ஒல்லாந்தக் குருவாகப் பணியாற்றிய ஹெர்மன் புஸ்கோஃப் மூட்டுவீக்க நோயால் வருந்தியவர். இந்தோசீனப் பகுதியைச் சேர்ந்த ஒரு மருத்துவப் பெண் அவர் காலில் மோக்சா வைத்துச் சுட்டு வலியைத் தணித்தாள். அந்தப் பட்டறிவை அவர் நூலாக்கினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1676-இல் இலண்டனில் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் ஆங்கிலத் தூதர் வில்லியம் டெம்பிள் நைமேகன் நகரில் அதே நோய்க்கு அதே சூட்டினை வைத்துக்கொண்டு, தாம் நலமுற்றதைக் கட்டுரையாக எழுதினார். அம்மருத்துவப் பெண்ணின் பெயர் இவ்வேடுகளில் இல்லை.

மோக்சா என்பது ஜப்பானிய 'மோகுசா' என்னும் சொல்லின் திரிபு. ஆர்ட்டிமீசியா இனச் செடியின் இலையை உலர்த்தி இடித்துப் பஞ்சாக்கி, சிறு கூம்பாகத் திரட்டித் தோலின்மேல் வைத்துக் கொளுத்துவர். அவ்வினத்துச் செடி நமக்குப் புதிதன்று. நாம் மாசிபத்திரி என்று வழங்கும் செடியும் அவ்வினத்தைச் சார்ந்தது. நீலகிரியில் தானே வளர்கின்றது. நம் மருத்துவத்தில் அது உள்மருந்தும் பூச்சும் ஆயிற்று. சுடுவதற்கு நாம் வேறு பொருள்களைக் கொண்டோம். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளுள் சுட்டிகை ஒன்று. ஊர் வழக்கில் காய்ச்சிய உலோகமும், கொளுத்திய மஞ்சளும், துணித்திரியும் அதற்குப் பயன்பட்டன. ஒரே எண்ணம் இரு நாடுகளில் இரு பொருள்களால் நடந்திருப்பது, ஒன்று மற்றதினின்று வந்தது என்பதைக் காட்டவில்லை. கடன் கொண்டிருந்தால் செடியும் உடன் வந்திருக்க வேண்டாவா என்று கேட்கத் தோன்றுகின்றது.

ஊசி 1683-இல் வந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்திய நிறுவனத்தின் மருத்துவர் வில்லெம் தென் ரைன் 1674 முதல் 1676 வரை நாகசாகியின் தெஷிமாத் தீவில் இருந்தவர். அவர் இலத்தீனில் எழுதிய நூல் இலண்டனில் அச்சாயிற்று. 'அக்குபங்ச்சுரா' என்னும் சொல் ஐரோப்பிய மருத்துவத்தில் அதனால் நிலைபெற்றது. நூலில் நாளங்களைக் காட்டும் படங்களும் உண்டு. தென் ரைன் அந்நாளங்களைக் குருதிக்குழாய்கள் என்று கொண்டார். ஹார்வியின் குருதிச் சுழற்சிக் கொள்கையில் ஊறிய தலைமுறைக்கு வேறு எவ்வாறு விளங்கியிருக்கும்? நம்மவர் அதனை நரம்பு என்று கொண்டது போன்றதே இதுவும். ஒவ்வொரு காலமும் தனக்குத் தெரிந்த குழாயை அப்படத்தில் கண்டது. பத்தாவியாவில் தொழுநோயாளர் இல்லத்தின் பொறுப்பிலிருந்த தென் ரைன், 1687-இல் ஆசியத் தொழுநோய் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். ஊசியைப் பற்றி ஐரோப்பாவுக்கு எழுதியவரே நரம்பை அழிக்கும் நோயைப் பற்றியும் எழுதியிருக்கின்றார். அவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்று அவர் அறிய வழியில்லை. நரம்பின் அமைப்பே அப்போது தெளிவாகவில்லை.

1821 முதல் 1827 வரை

அதன்பின் நூற்றாண்டுக்கு மேல் இலண்டனில் இம்முறைகள் பெரிதும் பேசப்படவில்லை. பிரெஞ்சு மருத்துவர் சிலர் தொடங்கிவைத்த ஆர்வம் கால்வாய் கடந்து 1820-களில் மீண்டும் வந்தது. 1821 என்னும் ஆண்டைத் தனியே நோக்க வேண்டும். இலண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் மோர்ஸ் சர்ச்சில் ஊசி மருத்துவம் பற்றிய தம் சிறுநூலை அவ்வாண்டில் எழுதினார். அதே ஆண்டில், அதே நகரில், சார்லஸ் பெல் முகத்து நரம்புகள் பற்றிய தம் ஆய்வை அரச கழகத்தின் முன் வைத்தார். முகம் ஒரு பக்கம் கோணி, கண் மூட இயலாமற் போகும் வாதம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. மறு ஆண்டில், நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே மோக்சா பற்றி எழுதியது ராப்லி டங்கிளிசனால் ஆங்கிலமாகி இலண்டனில் வெளிவந்தது. வாதத்துக்குச் சூடு வைக்கலாம் என்பது லாரேயின் கொள்கை.

புனித தாமசு மருத்துவமனையில் ஜான் எலியட்சன் 1827-இல் வெளியிட்ட கணக்கு இவற்றுள் சிறந்தது. நாட்பட்ட வாதவலி உடையோர் 42 பேருக்கு ஊசி குத்தி, 30 பேர் நலமுற்றனர் என்று அவர் எழுதினார். எண்ணிக்கையோடு எழுதியமையே அக்காலத்திற்கு அரிது. ஆனால் சர்ச்சிலும் எலியட்சனும் மருந்திட்டவை பெரும்பாலும் தசைவலியும் மூட்டுவலியும். நரம்பறுந்த கைகள் அல்ல. வலி தணிந்ததைக் கொண்டு செயலிழந்த உறுப்பும் மீளும் என்று பிற்காலத்தார் விரித்தனர். எலியட்சன் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியராகி, மெஸ்மரின் வசியமுறையில் ஈடுபட்டு, 1838-இல் பதவி துறந்தார். அவரது வீழ்ச்சியோடு அவர் கையாண்ட ஊசியின் மதிப்பும் குன்றியிருக்கலாம் என்பது என் கருத்து.

இதே ஐந்தாறு ஆண்டுகளில் தமிழ் மருத்துவமும் இலண்டனில் அச்சேறியது. சென்னையில் அறுவை மருத்துவராயிருந்த ஒயிட்லா ஐன்சிலி 1826-இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட 'மெட்டீரியா இண்டிகா' என்னும் நூலில் மருந்துச் சரக்குகளின் தமிழ்ப் பெயர்கள் நிறைந்துள்ளன. அகத்தியர் முதலியோர் பெயரால் வழங்கும் தமிழ் மருத்துவ நூல்களின் பட்டியலும் உண்டு. இலண்டன் வாசகர் ஒருவர் அப்போது சுக்கையும் திப்பிலியையும் தமிழ்ப் பெயரோடு அறிந்துகொள்ள முடிந்தது. தொக்கணத்தையும் வர்ம இளக்குமுறையையும் அவர் அவ்வாறு அறிந்திருக்க முடியாது. சரக்கைப் பொட்டலமாகக் கட்டலாம், பெயரிடலாம், கப்பலில் ஏற்றலாம். ஆசானின் கை அறிந்ததை அவ்வாறு ஏற்ற இயலாது. ஏற்ற இயன்றதையும் ஆசான் வெளியிட விரும்பவில்லை. ஜப்பானியர் தம் ஊசிமுறையைப் படமாக வரைந்து வைத்திருந்தமையால் அது ஐரோப்பிய அச்சுக்கு எளிதில் ஆட்பட்டது. தமிழரின் தொடுமருத்துவம் உலக வரலாற்று நூல்களில் இடம்பெறாமைக்கு அதன் தரத்தைக் காட்டிலும் இப்பதிவின்மையே காரணம் என்று கருதுகிறேன்.

நரம்பு வளரும் வேகம்

1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை அறுத்துப் பார்த்து, அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள இழைகள் அழிந்துபோகின்றன என்று அரச கழகத்துக்கு அறிவித்தார். நரம்பு மீண்டும் செயற்பட வேண்டுமாயின் மேற்பகுதியினின்று இழை புதிதாக வளர்ந்து வரவேண்டும். அவ்வளர்ச்சி மனிதரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்றோரை ஆராய்ந்த ஹெர்பர்ட் செடனும் அவருடன் பணியாற்றியோரும் 1943-இல் இவ்வேகத்தை அளந்து எழுதினர். முழங்கையில் அறுந்த நரம்பு உள்ளங்கைத் தசையை அடைய ஓராண்டு அளவில் ஆகலாம். அதற்குள் தசை மெலிந்துவிடும். ஒன்றரை ஆண்டு கடந்தால் நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை ஏற்பதரிது.

செடன் அதே ஆண்டில் நரம்புச் சிதைவை மூவகையாகப் பிரித்தார். முதல் வகையில் இழை அறுவதில்லை. செய்தி கடத்துவது மட்டும் தடைப்படும். சில நாளிலோ சில வாரத்திலோ தானே மீளும். இரண்டாம் வகையில் இழை அறும், உறை நிற்கும். மேற்கூறிய வேகத்தில் மீளும். மூன்றாம் வகையில் அனைத்தும் அறும். தைத்தாலன்றிப் பயன் சிறிது. மருத்துவ வரலாற்றாய்வாளர்க்கு இப்பாகுபாட்டினும் பயன்மிக்க கருவி வேறில்லை எனலாம். கைமேல் தலைவைத்து உறங்கி, மணிக்கட்டுத் தொங்கிய நிலையில் எழுந்தவனுக்கு ஊசி குத்தினாலும், சூடு வைத்தாலும், தைலம் தடவினாலும், ஒன்றும் செய்யாவிடினும் பெரும்பாலும் கை மீளும். பெல் வாதமும் அத்தகையதே. பத்துப் பேரில் ஏழு பேர் அளவில் மருந்தின்றியே முழுதும் நலமுறுகின்றனர். எனவே 'இத்தனை பேர் நலமுற்றனர்' என்னும் பட்டியல், எவ்வகைச் சிதைவு என்று சொல்லாதவரை, எதனையும் மெய்ப்பிக்காது. எலியட்சனின் கணக்குக்கும், நம் ஊர் வைத்தியர் புகழுக்கும், இன்றைய மருத்துவமனை விளம்பரங்களுக்கும் இது பொருந்தும்.

நீலகிரியும் ஒரு முன்கையும்

இவ்வரலாற்றில் தமிழ் நிலம் எதிர்பாராத வகையில் இடம்பெறும் நிகழ்வொன்று உண்டு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02-இல் நீலகிரியில் தங்கித் தோடர் வாழ்வை ஆராய்ந்தார். 1906-இல் வெளிவந்த அவரது நூல் மானிடவியலார் அனைவரும் அறிந்தது. அவர் உளவியலாளருமாதலின், தோடரின் பார்வை, தொடுபுலன், வலியுணர்வு ஆகியவற்றையும் கருவிகொண்டு அளந்தார். அதனைத் தனிக் கட்டுரையாக 1905-இல் வெளியிட்டார். தோட ஆடவர் தோளில் சுட்ட வடுக்கள் தடித்திருப்பதையும் அவர் குறித்துள்ளார். எருமை கறக்கும்போது களைப்பும் வலியும் தோன்றாதிருக்கச் சிறுவயதிலேயே அங்ஙனம் சுடுவர் என்பது தோடர் அவருக்குக் கூறிய காரணம். பெண்கள் கருவுற்ற காலத்துச் சடங்கிலும் மணிக்கட்டில் சூடு வைக்கப்பட்டது. சீன மோக்சாவோடு தொடர்பு காண விரும்புவோர் இதனை எடுத்துக்கொள்ளக்கூடும். ரிவர்ஸ் அவ்வாறு செய்யவில்லை. சடங்கின் பகுதியாகவே அதனைப் பதிந்தார்.

நீலகிரியினின்று திரும்பிய மறு ஆண்டு, 1903 ஏப்ரல் 25 அன்று, இலண்டன் மருத்துவமனையின் ஹென்றி ஹெட் தம் இடது முன்கையின் தோல்நரம்புகளைத் தாமே விரும்பி அறுக்கச் செய்தார். நரம்பறுந்த நோயாளிகள் தம் உணர்வை நுட்பமாகச் சொல்ல இயலவில்லை என்பது அவருக்குக் குறையாயிருந்தது. அதன்பின் நான்காண்டுக் காலம் வார இறுதிகளில் அவர் கேம்பிரிட்ஜ் சென்று ரிவர்ஸின் அறையில் கண்மூடி அமர்ந்திருப்பார். ரிவர்ஸ் முள்ளாலும் பஞ்சாலும் வெந்நீராலும் தண்ணீராலும் அம்முன்கையைத் தொட்டுச் சோதிப்பார். 1908-இல் வெளிவந்த அவ்வறிக்கை இரு நிலைகளைக் கூறியது. முதலில் திரும்புவது முரட்டுணர்வு. குத்தினால் வலி பரவும், இடம் தெரியாது. நுண்ணுணர்வு பின்னரே வரும். இப்பாகுபாட்டைப் பிற்கால அறிஞர் ஏற்கவில்லை. முன்னதை 'தொன்மையானது' என்றும் பின்னதை 'உயர்ந்தது' என்றும் பெயரிட்ட மனப்பாங்கில், 'பழங்குடியினரின் புலன்கள்' என்று நீலகிரியில் அளந்த காலத்தின் நிழல் படிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. ஆயினும், நரம்பு மீள்வதை நாள்தோறும் அளந்து குறிக்க வேண்டும் என்னும் ஒழுங்கு அங்குதான் நிலைபெற்றது. தோடரின் தோலைத் தொட்டு அளந்து பழகிய கையே அதனைச் செய்தது.

செங்கற்பட்டு, வேலூர்

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரிப் பெற்றோரின் பிள்ளையாக மலைவாழ் மக்களிடையே ஒன்பது வயது வரை வளர்ந்து, இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் பயின்று, இலண்டன்மீது குண்டு விழுந்த நாள்களில் காயமுற்றோர்க்கு அறுவை செய்து பழகினார். எலியட்சன் பதவி துறந்த அதே மருத்துவமனை. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டியபோது, விரல் மடங்கிய நோயாளி ஒருவரின் கையைப் பற்றிய பிராண்ட், அக்கை தம் கையை வலிக்க இறுக்கியது கண்டு திகைத்தார். தசை முழுவதும் சாகவில்லை. சில நரம்புகளே செத்திருந்தன. உயிருள்ள தசையின் நாணை எடுத்துச் செத்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டலாம் என்னும் அறுவைமுறையைத் தொழுநோயாளரின் கைகளுக்கு வேலூரில் அவர் உருவாக்கினார். 1952-இல் இலண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் ஹண்டர் நினைவுச் சொற்பொழிவாக அதனை வழங்கினார்.

அறுவையைக் காட்டிலும் பெரியது அவர் கண்ட மற்றோர் உண்மை. தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்று நூற்றாண்டுகளாக நம்பினர். துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்கப் பிராண்ட் திணறியபோது, ஒரு சிறுவன் முன்வந்து சாவியை எளிதில் திருப்பினான்; அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவன் அறியவில்லை. அடுப்பிற் சுட்ட புண், கருவியில் அழுந்திய புண், இரவில் எலி கடித்த புண் என ஒவ்வொன்றாகத் தேடிக் கணக்கெடுத்தபோது, விரல் இழப்புக்குக் காரணம் உணரப்படாத காயங்களே என்பது தெளிவாயிற்று. எலியைத் தடுக்க நோயாளர்க்குப் பூனை தரப்பட்டது. அடிப்பாதத்துக்கு நுண்துளை ரப்பர்ச் செருப்பு செய்யப்பட்டது. இத்தகைய எளிய ஏற்பாடுகளே விரல்களைக் காத்தன.

நெருப்பு மருத்துவத்தின் வரலாற்றில் இவ்வுண்மையின் இடம் யாது? மோக்சா வைப்போர் பொறுக்கும் அளவு சூட்டினை நோயாளியின் முகத்தையும் சொல்லையும் கொண்டே அறிகின்றனர். 'சுடுகிறது' என்றவுடன் எடுத்துவிடுவர். நரம்பிழந்த உறுப்பில் அச்சொல் வராது. புஸ்கோஃபின் காலுக்கும் டெம்பிளின் காலுக்கும் பொருந்திய மருத்துவம், உணர்விழந்த காலுக்குத் தீங்காவது இதனாலேயே. லாரே முதலியோர் வாதமுற்ற உறுப்புக்குச் சூடு விதித்தபோது அசைவிழந்ததையும் உணர்விழந்ததையும் வேறுபடுத்தி எச்சரித்திருக்க வேண்டும். நம் சுட்டிகை மரபிலும் இதே வினாவை எழுப்ப வேண்டியுள்ளது. இது பழங்கதையன்று. இலண்டனில் வாழும் நம் முதியோருள் நீரிழிவால் பாதவுணர்வு குன்றியோர் பலர். மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடமும், சுடுமணல் முடிச்சும், அண்மைக் காலமாக மோக்சாக் குச்சியும் அன்போடு பரிந்துரைக்கப்படுகின்றன. பயன்படுத்துவோர் சூட்டினைத் தம் கையால் அல்லது உணர்வுள்ள மற்றோர் உறுப்பால் சோதித்துக்கொள்ளும் பழக்கத்தையேனும் மேற்கொள்ள வேண்டும். மரத்த பாதத்தில் நேரடிச் சூடு கூடவே கூடாது என்பதே வேலூர் அறிவித்த செய்தி.

இன்றைய நிலை

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சுருங்கக் கூறலாம். சீனத்துக்கு 1938-இல் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் ஒருவரான பிஜய் குமார் பாசு, 1950-களின் இறுதியில் அங்கு மீண்டும் சென்று அக்குபங்சர் பயின்று கொல்கத்தாவில் தொடங்கினார். இலங்கையில் களுபோவிலை மருத்துவமனையில் அன்ரன் ஜயசூரிய 1970-களில் அதனைப் பரப்பினார். இலண்டனில் பீலிக்ஸ் மன் 1962-இல் வெளியிட்ட நூல் ஆங்கில மருத்துவரிடையே புதிய தலைமுறையை உருவாக்கியது. பின்னாளில் அவரே நாளங்களும் புள்ளிகளும் உண்மையல்ல, ஊசியின் விளைவு மட்டுமே உண்மை என்று எழுதினார். தாம் பரப்பிய கொள்கையைத் தாமே மறுத்து, முறையை மட்டும் வைத்துக்கொண்ட துணிவு பாராட்டத்தக்கது. நம் வர்ம ஆய்வாளர்க்கு அவரைப் படிக்கப் பரிந்துரைப்பேன்.

பிரித்தானிய அரசின் நைஸ் அமைப்பு 2021-இல் நாட்பட்ட வலிக்கு ஊசி மருத்துவத்தைக் கருதலாம் என்றது. அதே அமைப்பு 2009-இல் இடுப்புவலிக்குப் பரிந்துரைத்ததை 2016-இல் விலக்கிக்கொண்டதும் உண்டு. இவை வலி பற்றியவை; நரம்பு மீள வளர்வது பற்றியவை அல்ல. பெல் வாதத்துக்கான ஊசி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு 2010-இல், ஆய்வுகளின் தரக்குறைவால் முடிவு கூற இயலவில்லை என்றது. சீன ஆய்வகங்களில் எலியின் காலநரம்பை நசுக்கி ஊசியும் மின்னூட்டமும் மோக்சாவும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பல உள. எலியின் கால் சிறிது. நரம்பு விரைவில் இலக்கை அடைந்துவிடும். மனிதக் கையின் நீண்ட தொலைவுக்கு அதனை அப்படியே கொண்டுவர இயலாது. நரம்பறுந்தவர் முதலில் செல்ல வேண்டிய இடம் அறுவை மருத்துவரிடமே. இலண்டன் ஸ்டான்மோர் மருத்துவமனையின் புறநரம்புப் பிரிவு போன்றவற்றில் காலந்தாழாமையே முதற்கவனம். தைத்தபின் வரும் நீண்ட காத்திருப்பில் வலிக்கும் உறக்கமின்மைக்கும் ஊசி உதவினால் அதனை விலக்க வேண்டியதில்லை. ஊசிக்காகக் காத்திருந்து தையலைத் தவறவிடுவதே இழப்பு. ஈழப்போரில் குண்டுச் சிதறலால் நரம்பு சிதைந்து, அறுவைக்கு வழியின்றிக் காலம் கடந்தோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் ஆண்டுகள் கழித்தும் நரம்பை வளர்ப்பதாகக் கூறிப் பொருள் பெறுவோரும் இருக்கின்றனர்.

வர்ம ஆசான்களின் கை அறிந்தவற்றை ஆராய வேண்டாமா என்று வினவலாம். வேண்டும்; அதற்கான அளவுகோல் அவர்களிடமே உள்ளது. வர்ம நூல்கள் இடத்தை விரற்கடையால் அளக்கின்றன. சீனர் தம் புள்ளிகளைக் கட்டைவிரல் அகலத்தால் அளக்கின்றனர். ஜூல் தினெல் 1915-இல் காட்டிய சோதனை மிக எளிது: சிதைந்த நரம்பின் வழியே விரலால் தட்டிக்கொண்டே சென்றால், வளர்ந்துவரும் இழையின் நுனியில் நோயாளிக்கு எறும்பு ஊர்வது போன்ற உணர்வு எழும். அந்நுனி ஒரு விரற்கடை முன்னேற ஏறத்தாழ இருபது நாள் ஆகும். காயமுற்ற நாள், காயமுற்ற இடம், தட்டும்போது கூச்சம் எழும் இடம், அடுத்த முறை அது நகர்ந்த விரற்கடை ஆகிய நான்கையும் கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான் ஒருவர் தம் குறிப்பேட்டில் தமிழில் எழுதி வரலாம். இருபது நாளுக்கு ஒரு விரற்கடை என்னும் கணக்கினும் விரைவாக நுனி நகர்கின்றதா என்பதை அக்குறிப்பேடு காட்டும்.